டாப்சோன்: நாலு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தேரடி அப்பா | ஜூலை 11, இரவு 10.40

திருவொற்றியூர். பையனுக்கு நாலு வயசு முடிந்தது. இரண்டு மாதமாக அடிவயிறு, தொடை இடுக்கு, பிட்டம், வாயைச் சுற்றி என்று கொப்புளம். அரிப்பு தாங்காமல் ராத்திரியெல்லாம் அழுகிறான். பக்கத்து கிளினிக்கில் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், அப்புறம் சொறிக்குப் போடும் லோஷன். கேட்கவில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டர் சதை எடுத்துப் பார்த்து "லீனியர் ஐஜிஏ" என்கிறார், டாப்சோன் எழுதியிருக்கிறார். மெடிக்கல் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது குஷ்டத்துக்குத் தர்ற மாத்திரையாச்சே, குழந்தைக்கா?" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் அம்மா மாத்திரையைத் தொடவே விடவில்லை. கொடுக்கலாமா, கூடாதா?

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 12, காலை 6.15

கொடுக்கலாம் தம்பி. ஆனால் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த பிறகு. அது எடுத்தார்களா என்று முதலில் சீட்டைப் பாருங்கள்.

என் மகளுக்கு இதே நோய், ஏறக்குறைய இதே வயதில் வந்தது. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாத்திரையை நிறுத்தி வெகு நாளாகிறது, உடம்பில் ஒரு தழும்பு கிடையாது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. டாப்சோன் தொழுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் ஒன்றுதான். 1940-களில் நம் செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதைத் தொழுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். கிருமியை அடக்குவது அதன் ஒரு வேலை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் தோலுக்குள் வந்து செய்யும் அட்டகாசத்தை அடக்குவது இன்னொரு வேலை. உங்கள் பையனுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வேலை. கிருமியைப் பிடிக்க வேண்டிய ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், மேல்தோலையும் அடித்தோலையும் ஒட்டி வைத்திருக்கும் புரதத்தையே பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் நியூட்ரோஃபில்கள் கூடுகின்றன, ஒட்டு விட்டுப்போகிறது, நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம். இதில் தொழுநோய்க் கிருமியும் இல்லை, வேறு எந்தக் கிருமியும் இல்லை. தம்பி தங்கையோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒட்டாது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அடுத்த முறை ஓபி-க்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். எங்கள் மாமியார் அப்படித்தான் வழிக்கு வந்தார்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 12, மதியம் 2.30

துணி வெட்டிக்கொண்டே யோசித்தேன். ஜி6பிடி எதற்கென்று காலையில் சொல்லாமல் விட்டது சரியில்லை.

சிவப்பணு உடையாமல் காக்கும் நொதி அது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அம்மா வழியாக வருவது, ஆண் பிள்ளைகளிடம் அதிகம் வெளிப்படும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு டாப்சோன் கொடுத்தால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். அதனால்தான் இந்தப் பரிசோதனை முடியாமல் முதல் மாத்திரையே கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, ஏற்கெனவே ரத்தம் உடைந்துகொண்டிருந்தாலோ, குறைபாடு இருந்தும் முடிவு சரி என்று காட்டிவிடலாம். அப்படி ஏதாவது இருந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குறைபாடு என்று வந்துவிட்டாலும் வழியடைந்து போகாது. வேறு மருந்துகள் இருக்கின்றன: கோல்சிசின், எரித்ரோமைசின், தேவைப்பட்டால் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு. குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பீரோவுக்குள் போடும் பாச்சை உருண்டையைத் தூக்கி எறிய வேண்டும். அதிலுள்ள நாப்தலீனும் அதே சிவப்பணுவைத்தான் உடைக்கும்.

தேரடி அப்பா | ஜூலை 12, இரவு 9.05

ஜி6பிடி எடுத்திருக்கிறார்கள், நார்மல். இன்னொன்று அக்கா. சதை எடுத்தது இரண்டு துண்டு. ஒரு துண்டு போதாதா? பையன் துடித்துவிட்டான்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 12, இரவு 11.20

இரண்டு துண்டு எடுத்தார்கள் என்றால் உங்களுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

ஒரு துண்டு கொப்புளத்தில் எடுப்பது. அது ஃபார்மலினில் போகும். எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது, எந்த அணுக்கள் கூடியிருக்கின்றன என்பதை அதில் பார்ப்பார்கள். இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலில் எடுப்பது. அதை ஃபார்மலினில் போடவே கூடாது. அதற்கென்று உள்ள தனித் திரவத்திலோ, சீக்கிரம் சேர்த்துவிட முடியுமென்றால் சலைனிலோ அனுப்ப வேண்டும். அதில் ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும்போது, இரண்டு தோலும் சேரும் இடத்தில் ஐஜிஏ ஒரே கோடாகப் பளிச்சென்று தெரியும். இந்த நோயை உறுதி செய்வது அந்தக் கோடுதான்.

எங்களுக்கு முதலில் எடுத்த இடத்தில் இரண்டு துண்டையும் ஒரே டப்பாவில், ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. ரிப்போர்ட்டில் "கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று வந்தது. காசும் போச்சு. பிள்ளையைத் திரும்பவும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, இன்னொரு துளை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இனிமேல்தான் சதை எடுக்கப் போகிறார்கள் என்றால், "எந்தத் துண்டு எந்த டப்பாவில் போகுது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

காசிமேடு கார்த்தி | ஜூலை 13, காலை 8.50

எங்க பக்கம் இதுக்கு அக்கி எழுதுவாங்க. குயவர் வீட்டுல காவி பூசுவாங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும். ஆடி வேற பொறக்கப் போவுது, அம்மையா இருக்கப் போவுது, மாத்திரை கீத்திரைன்னு அலையாதீங்க.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 13, காலை 10.00

அக்கி தானாகவே சில வாரத்தில் ஆறிவிடும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். அது உடம்பில் ஒரு பக்கமாக, ஒரு பட்டையாக வரும். சின்னம்மை காய்ச்சலோடு உடம்பெல்லாம் வரும், இரண்டு வாரத்துக்குள் பொருக்கு தட்டிவிடும். இந்தப் பையனுக்கு இரண்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. இதன் அடையாளமே வேறு: ஒரு கொப்புளம் ஆறும்போது அதன் விளிம்பில் புதுக் கொப்புளங்கள் வளையமாகக் கிளம்பும், மல்லிகைச் சரத்தை வட்டமாகச் சுற்றி வைத்த மாதிரி. தேரடித் தம்பி, உங்கள் பையனுக்கு அந்த வளையம் தெரிகிறதா பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இருக்க வேண்டும் என்றில்லை. இருந்தால், அடுத்த டாக்டருக்குக் காட்ட வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நீங்கள் ஓபி-க்குப் போகும் நாளில் கொப்புளம் உடைந்து புண்ணாகத்தான் இருக்கும்.

ஆத்தாவுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்று அம்மா சொன்னால் தாராளமாக ஊற்றுங்கள். நானும் ஊற்றினேன். வேப்பிலையைத் தலைமாட்டில் வைக்கலாம், உரிந்த தோலில் மட்டும் அரைத்துப் பூச வேண்டாம். காவியும் வேண்டாம். பச்சைப் புண்ணில் மண் போனால் சீழ் பிடிக்கும்.

தேரடி அப்பா | ஜூலை 16, காலை 7.10

வியாழக்கிழமை ராத்திரி முதல் மாத்திரை. நேற்று புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ராத்திரி தூங்கினான் அக்கா. நானும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 16, காலை 7.40

படித்ததும் கண் கலங்கிவிட்டது. டாப்சோன் கேட்டால் இப்படித்தான், இரண்டு மூன்று நாளில் அரிப்பு நிற்கும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஒரு வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மனசு விட வேண்டாம். எடைக்கு ஏற்பக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மி.கி.-யிலிருந்து 2 மி.கி. வரை என்பது வழக்கமான எல்லை. 14 கிலோ பிள்ளைக்கு 7 மி.கி. எங்கே, 28 மி.கி. எங்கே. அந்த இடைவெளியில் எது சரி என்று டாக்டர்தான் பார்த்துப் பார்த்துப் பிடிப்பார்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 16, இரவு 10.15

தம்பி, காலையில் சந்தோஷத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். நான் இந்த இழைக்கு வந்ததே இப்போது எழுதப் போவதைச் சொல்லத்தான்.

தோல் சுத்தமானதும் வீட்டில் எல்லாருக்கும் நோய் போய்விட்டது என்ற நினைப்பு வந்துவிடும். ரத்தம் எடுக்கப் போவதைத் தள்ளிப்போடத் தோன்றும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்குச் சும்மா குத்திக்கிட்டு?" என்று யாராவது கேட்பார்கள். கவனம் வேண்டியது இப்போதுதான். இதுவரை தோலைப் பார்த்தோம், இனி ரத்தத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாதம் வாரா வாரம், அப்புறம் கொஞ்ச காலம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை என்று பொதுவாக வைப்பார்கள். ஹீமோகுளோபின், வெள்ளை அணு, ரெட்டிகுலோசைட், கல்லீரல் எல்லாம் பார்ப்பார்கள். உங்களுக்கு எழுதித் தந்த கணக்கு எதுவோ அதை விடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று மாதத்தில் இவற்றில் எது வந்தாலும் காலை ஓபி-க்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து தடிப்பு, முகம் வீங்குவது, கழுத்தில் நெறி கட்டுவது, கண் மஞ்சள்: இது டாப்சோன் ஒத்துக்கொள்ளாமல் போவது, அதிலும் முதல் இரண்டு மாதத்தில்தான் பெரும்பாலும் வரும். காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் சேர்ந்து வந்தால் வெள்ளை அணு இறங்கியிருக்கலாம். மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போவது, பிள்ளை வெளுத்துப்போய் மூச்சு வாங்குவது என்றால் சிவப்பணு வேகமாக உடைகிறது. போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி டூட்டி டாக்டருக்கு "தோலுக்கு ஏதோ மாத்திரை" என்று சொன்னால் ஒன்றும் புரியாது.

எங்கள் பிள்ளைக்கு ரத்தம் எடுக்க வரும் பையனுக்கு அவள் வைத்த பெயர் கொசு அண்ணா. "கொசு அண்ணா வந்தாச்சு, மேட் போடுங்க" என்று கத்துவாள். லேபில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள், அதற்குள் ஊசி போய்விடும்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 19, மாலை 4.00

எண்ணூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தாள், மாத்திரை வேலை செய்யும்வரை புண்ணை எப்படிப் பார்ப்பது, என்ன துணி போடுவது என்று. நான் தையல்காரி, எம்.சி. ரோடு கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவள், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கொப்புளம் வரும் இடமெல்லாம் துணி இறுக்கும் இடம். நம் ஊர் வேர்வையில் உரசல் இன்னும் மோசம். ஜட்டியின் இடுப்பு எலாஸ்டிக்கையும் தொடை எலாஸ்டிக்கையும் பிரித்து எடுத்துவிட்டேன். பழைய வேட்டித் துணியில் தளர்வான கால்சட்டை, இடுப்பில் இரண்டு விரல் அகல நாடா, முடிச்சு வெளிப்பக்கம். ஓவர்லாக் அடித்த ஓரம் உட்பக்கம் இருந்தால் தொடையிடுக்கில் அறுக்கும், அதனால் தையல் முழுவதும் வெளியே தெரியும்படி தைத்தேன். கழுத்து லேபிளைக் கத்தரிக்கும்போது அடியில் ஒரு மொட்டை நூல் நிற்கும், நைலான், ஊசியாகக் குத்தும். அதையும் பிடுங்கிவிட வேண்டும். தைக்கத் தெரியாவிட்டால் இருக்கிற துணியை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், அதுவே பாதி வேலை. கஞ்சி போட்ட துணி வேண்டாம்.

பெரிய கொப்புளம் இழுத்து வலித்தால், சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் விடச் சொல்லிக் கொடுத்தார்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது. அதைவிட நல்ல கட்டு கிடையாது. புண்ணின் மேல் வாஸலின், அதற்கு மேல் ஒட்டாத பாரஃபின் கட்டுத்துணி. வெறும் பஞ்சு வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பிள்ளை அலறிவிடும். எங்களுக்கு மிக மோசமாக இருந்த வாரத்தில் வார்டு நர்ஸ் அம்மா வாழை இலை சொன்னார்கள். இளம் இலையை வெந்நீரில் கழுவி ஆறவிட்டு, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் படுக்கவைத்தோம். புண் அதில் ஒட்டவே இல்லை. தோல் வார்டுகளில் இதைச் செய்வதுண்டு. அழுக்கு இலை மட்டும் கூடாது.

காசிமேடு கார்த்தி | ஜூலை 20, இரவு 9.30

அக்கா, மீன் குடுக்கலாமா? எங்க அக்கா பொண்ணுக்கும் இதே மாதிரி கொப்புளம்தான். கரப்பான் பண்டம்னு மீனு, கருவாடு, கத்திரிக்கா எல்லாத்தயும் நிறுத்திட்டாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவச் சொல்லிருக்கேன்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஜூலை 20, இரவு 9.50

கூட்டிக்கொண்டு போகச் சொன்னதற்கு நன்றி கார்த்தி. தோல் பிரிவிலேயே காட்டுங்கள்.

மீன் தாராளமாகக் கொடுக்கலாம். மீனால் இந்த நோய் வருவதும் இல்லை, மீனை நிறுத்தினால் போவதும் இல்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு வஞ்சிரமும் நெத்திலியும் இல்லாமல் ரசம் சோறு மட்டும் போட்டால் எப்படித் தேறும்? வாயில் புண் இருந்தால் மட்டும் காரமும் புளியும் குறைத்து, முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள்.

கோதுமையை நிறுத்தச் சொல்லி யாராவது அனுப்புவார்கள். அது டெர்மடைடிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ் என்ற வேறொரு கொப்புள நோய்க்கு. அதற்கும் டாப்சோன் கொடுப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேரடி அப்பா | ஆகஸ்ட் 3, மதியம் 1.15

எச்பி, அதான் ஹீமோகுளோபின், 11.2 இருந்தது, இப்போது 10.3. ரத்தத்தையே உறிஞ்சுது உன் மாத்திரை என்று அம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாமா? இரும்பு டானிக் வாங்கட்டுமா? டாக்டரைப் பார்க்க நாளைக்குத்தான் முடியும்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஆகஸ்ட் 3, மதியம் 1.25

நீங்களாகக் குறைக்காதீர்கள், டானிக்கும் வேண்டாம். மூத்திர நிறம் சரியா? விளையாடுகிறானா? அதை முதலில் சொல்லுங்கள்.

தேரடி அப்பா | ஆகஸ்ட் 3, மதியம் 1.40

மூத்திரம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஆகஸ்ட் 3, மாலை 6.30

அப்படியென்றால் நாளைக்குப் போதும். டாப்சோன் சாப்பிடும் அநேகருக்கு எச்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், டாக்டர் அதை எதிர்பார்த்துத்தான் வாரா வாரம் எடுக்கச் சொல்கிறார். ரெட்டிகுலோசைட் என்ன என்று கேளுங்கள். அவை புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள். அந்த எண் கூடியிருந்தால், உடைவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். இங்கே ரத்தம் குறைவது அணு உடைவதால், இரும்பு போதாமல் அல்ல. எங்களுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் எழுதினார்கள்.

இன்னொன்றும் நடக்கலாம், பயப்படாமல் இருக்கச் சொல்லிவைக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் மகளின் உதடு நீலம் பாய்ந்து தெரிந்தது. "திராட்சை ஐஸ் தின்னியா?" என்று கேட்டேன், இல்லை என்றாள். நகமும் சாம்பல் பூத்திருந்தது. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 90-க்குக் கீழே காட்டியது. அவளோ கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். மெத்தீமோகுளோபின் என்றார்கள். ஹீமோகுளோபினில் ஒரு பகுதி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிவிடுவது, டாப்சோனின் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. ஆனாலும் நீலம் தெரிந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

தேரடி அப்பா | ஆகஸ்ட் 4, இரவு 8.20

ரெட்டிகுலோசைட் கூடியிருக்கிறது, அதே அளவு தொடரட்டும் என்றார். ஃபோலிக் ஆசிட் எழுதினார். அம்மா கூடவே வந்தார், டாக்டரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். இப்போது மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவதே அவர்தான்.

அங்கன்வாடியில்தான் பிரச்சனை. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பேசுகிறார்களாம்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஆகஸ்ட் 4, இரவு 10.00

இதற்குப் பொறுமை எனக்குக் குறைவு. என் பிள்ளையை ஒரு இடத்தில் தனியாகக் கதவோரம் உட்காரவைத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "நான் மட்டும் காத்தோட்டமா உக்காந்தேன்மா" என்றாள். நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் லெட்டர்பேடில் ஒரு வரி வாங்குங்கள்: இது தொற்றுநோய் அல்ல, குழந்தை மற்றவர்களோடு சேர்ந்து இருக்கலாம். முத்திரை இருக்கட்டும். ஆசிரியையிடம் ஒரு நகல் கொடுங்கள், மேல்நிலை அதிகாரியிடம் காட்ட இன்னொரு நகல் கையில் இருக்கட்டும். உதவியாளர் அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். சோறு ஊட்டுவதும் கால் கழுவிவிடுவதும் அவர்தான். அவர் தயங்காமல் தொட்டுவிட்டால் மற்ற அம்மாக்கள் தானாக அடங்கிவிடுவார்கள். எங்கள் விஷயத்தில் காரியம் ஆனது அப்படித்தான்.

வண்ணாரப்பேட்டை அம்மா | ஆகஸ்ட் 21, இரவு 11.05

எத்தனை வருஷம் மாத்திரை என்று பலர் தனியாகக் கேட்கிறீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நாலு வருஷத்தில் நோய் தானாகவே தணிகிறது, பெரியவர்களாகும் வயதுக்குள் அநேகமாகப் போய்விடுகிறது. சிலருக்கு நீளும். கொப்புளம் இல்லாமல் நல்ல இடைவெளி கிடைத்ததும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பார்கள். குறைக்கும்போது சளிக் காய்ச்சல் வந்தால் நாலைந்து கொப்புளம் தலைகாட்டலாம், எங்களுக்கு அப்படி வந்து, பழைய அளவுக்குப் போய், மறுபடி குறைத்தோம். எல்லாம் வீணாகிவிட்டது என்று அப்போது அழுதேன். வீணாகவில்லை, அடுத்த முறை நிறுத்த முடிந்தது. ஆறிய இடம் சில மாதம் கறுப்பாகவோ வெளுப்பாகவோ நிற்கும், மெல்ல நிறம் கூடிவிடும்.

ஸ்டீராய்டு சிரப் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அதிக அளவில் கொடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தள்ளிப்போடுவார்கள், ஊசி போடும் இடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கண்ணை மறந்துவிடாதீர்கள். இந்த நோய் வாயிலும் கண்ணிலும் வரலாம், கண்ணில் வந்து கவனிக்காமல் விட்டால் தழும்பு கட்டும். கண் சிவந்திருந்தால், மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று பிள்ளை சொன்னால், தூசி என்று விட்டுவிடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறந்ததிலிருந்தே கை கால் உரசும் இடத்தில் கொப்புளம் வருகிறது என்று வியாசர்பாடியிலிருந்து எழுதியிருந்த தங்கைக்கு: அது பெரும்பாலும் வேறு நோய், மரபணு வழியாக வருவது, அதற்கு டாப்சோன் மருந்து ஆகாது. இங்கே படித்ததை வைத்து எதையும் தொடங்காமல், குழந்தையையும் இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், காலை தையல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு நானும் வருகிறேன்.